பதினான்கு மாதச் சந்தா

என் துணையும் நானும் பிரிந்த பிறகும் பதினான்கு மாதங்கள் நான் ஒரு சந்தாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். இருவர் சேர்ந்து பாட்டுக் கேட்பதற்கான கூட்டுக் கணக்கு அது. ஒவ்வொரு மாதமும் பதினேழாம் தேதி என் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகவே பிடிக்கப்பட்டுவிடும். தவணை தவறியதற்காக வங்கியிலிருந்து அழைப்பு வந்த மாதங்கள் உண்டு. மின்கட்டணத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்ட மாதங்கள் உண்டு. இந்தச் சந்தாவை மட்டும் ஒரு முறையும் தவறவிடவில்லை. பதினாறாம் தேதி இரவில் அதற்கான தொகை கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எங்கிருந்தாவது திரட்டி வைத்துவிடுவேன்.

காரணம், அந்தக் கணக்கில் இருந்த ஒரு பாடல் பட்டியல். அதில் இருவரும் பாடல்களைச் சேர்க்கலாம், நீக்கலாம். யார் எதை எந்த நாளில் சேர்த்தார் என்பது பாடலின் பக்கத்திலேயே தெரியும். நாங்கள் பிரிந்த அன்று அதில் 212 பாடல்கள் இருந்தன. ஒவ்வோர் இரவும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவேன். அது 213 ஆகியிருந்தால் அவர் ஏதோ சொல்ல விரும்புகிறார் என்று கொள்ளலாம். 211 ஆகியிருந்தாலும் அதில் ஒரு செய்தி இருக்கும். பதினான்கு மாதமும் அது 212 ஆகவே நின்றது.

இசையைப் பற்றியும் மனமுறிவைப் பற்றியும் சேர்த்துப் பேச நமக்குத் தயக்கமில்லை. அந்தப் பேச்சில் பணத்தைக் கொண்டுவந்தால் மட்டும் ஏதோ அழுக்குப் பட்டதுபோல முகம் சுளிக்கிறோம். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். என் வாழ்க்கையில் இந்த மூன்றும் ஒரே முடிச்சாக விழுந்திருந்தன என்பது, முடிச்சு இறுகிப் பல மாதங்கள் ஆன பிறகே எனக்குத் தெரிந்தது.

அந்தப் பட்டியல் தொடங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்குமே சண்டை போடத் தெரியாது. மனத்தாங்கல் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவர் புத்தகத்தையும் மற்றவர் சன்னலையும் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படி ஒருநாள் பேசாமல் இருந்தபோது அவர் ஒரு பாட்டைப் பட்டியலில் சேர்த்தார். என் கைப்பேசியில் அது தெரிந்தது. கேட்டேன்; சிறிது நேரம் கழித்துப் பதிலாக ஒன்றைச் சேர்த்தேன். மூன்றாவது பாட்டில் சமாதானமாகிவிட்டோம். அதன் பிறகு அது எங்கள் வழக்கமாயிற்று. பழைய அகப்பாடல்களில் ஊடலைத் தீர்க்கத் தலைவன் அனுப்பும் வாயில்களில், அதாவது தூதர்களில், யாழோடு வரும் பாணனும் ஒருவன். எங்களுக்கு அந்தப் பட்டியல்தான் பாணன் என்று அவர் சொல்லுவார். அவர் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் படித்தவர். எனக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். சொல்லின் நுட்பம் அவருடையது. சுரத்தின் நுட்பம் ஓரளவு என்னுடையது.

பாணன் சொல்லைத் தலைவி பெரும்பாலும் நம்புவதில்லை என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். உன் பாணன் ஒருவன் பொய்யனாகிவிட்டால், நீ பிரிந்து வந்த பெண்களுக்குப் பாணர் எல்லோருமே கள்வரைப் போலத்தான் தோன்றுவார்கள் என்று குறுந்தொகையின் 127ஆம் பாட்டு கூறுகிறது. அதைக் கேட்டு அன்று இருவரும் ரசித்தோம். பிரிவுக்குப் பின் எந்தப் பாட்டைக் கேட்டாலும் என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போக வந்ததுபோலத் தோன்றிய நாட்களில்தான் அந்த வரி என்ன சொல்கிறது என்பது எனக்கு முழுதாகப் பிடிபட்டது.

இனிப் பணம். நான் பார்த்துவந்த ஒப்பந்த வேலை ஒரு கட்டத்தில் புதுப்பிக்கப்படவில்லை. ஓரிரு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும் என்று நினைத்து அவரிடம் சொல்லாமல் இருந்தேன். காலையில் வழக்கம்போல் கிளம்பி ஒரு நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பங்கள் எழுதினேன். செலவுகளுக்குக் கடன் அட்டை; அந்த அட்டையின் கடனுக்கு ஒரு தனிநபர் கடன்; அந்தக் கடனின் தவணைக்கு மறுபடியும் அட்டை. அட்டைக் கடனில் மாதந்தோறும் கேட்கப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால், கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அசையாது. கட்டாமல் விட்ட வட்டி அசலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஏறும். இது சிறு பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. எனக்கும் விளங்கியது. விளங்கியும் எட்டு மாதங்கள் வாயைத் திறக்கவில்லை.

திறக்காத வாய்க்குப் பதிலாகப் பாட்டுகளைச் சேர்த்தேன். அந்த எட்டு மாதங்களில் நான் சேர்த்தவை ஏழு. எல்லாமே சோகப் பாட்டுகள். பிரிவையும் இயலாமையையும் பாடுபவை. ‘நான் ஒரு குழியில் இருக்கிறேன், என்னவென்று கேள்’ என்பதே அவற்றின் மூலம் நான் சொல்ல நினைத்தது. அவர் கேட்கவும் செய்தார். ஒருநாள் இரவு விளக்கை அணைத்த பிறகு, “உனக்கு வேறு யாரையாவது பிடித்திருக்கிறதா?” என்று கேட்டார். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. “இல்லை” என்று ஒரே சொல்லில் பதில் சொன்னேன். அந்த இல்லைக்குப் பின்னால் சொல்ல வேண்டியிருந்ததைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது. மறுநாள், அதிகம் அறியப்படாத ஒரு பாடகரின் பாட்டை ஏழாவதாகச் சேர்த்தேன். பழைய நடையில் எழுதப்பட்ட நான்கே அடிகள். ஒவ்வோர் அடியும் ‘வாராய்’ என்ற சொல்லில் போய் நிற்கும். அழைக்கும் பாட்டு. அது போதும் என்று நம்பினேன். பத்து நாட்கள் கழித்து அவர் போய்விட்டார்.

அவர் விட்டுச்சென்ற புத்தகங்களில் சிலப்பதிகாரமும் ஒன்று. பள்ளியில் சில பகுதிகளை மனப்பாடம் செய்ததோடு சரி. முழுதாக அப்போதுதான், அவருடைய பென்சில் குறிப்புகளின் துணையோடு, படித்தேன். நாம் அதை அரசநீதியின் கதையாகவும் கற்பின் கதையாகவும் படித்துப் பழகியிருக்கிறோம். எனக்கு அந்த இரவுகளில் அது பணமும் பாட்டும் இரண்டு மூன்று மனங்களை என்ன செய்தன என்ற கதையாகத் தெரிந்தது. அப்படிப் படிப்பது தவறு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

கோவலன் மாதவி உறவு ஒரு விலையில் தொடங்குகிறது. அரங்கேற்றத்துக்குப் பரிசாக அவள் பெற்றது ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன். அந்த அளவு பொன் கொடுத்து மாலையை வாங்குபவரே அவளுக்கு உரியவர் என்று ஒரு கூனி நகர நம்பியர் திரியும் தெருவில் கூறி நிற்கிறாள், கோவலன் வாங்குகிறான். விலையில் தொடங்கிய உறவு முடிவதோ ஒரு பாட்டில். கடற்கரையில் அவன் முதலில் யாழை மீட்டிப் பாடுகிறான். அந்தப் பாட்டில் வேறொருத்தியின் நினைவு இருப்பதாக அவள் எடுத்துக்கொள்கிறாள். ‘கலவியால் மகிழ்ந்தாள்போல் புலவியால் யாழ்வாங்கி’, தானும் வேறு குறிப்பு உடையவள்போலப் பாடுகிறாள். மகிழ்ச்சியின் முகத்தோடு ஊடலின் கையால் யாழை வாங்குகிறாள் என்று இளங்கோ எழுதியிருக்கும் இந்த ஓர் அடியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. நான் கானல்வரி பாட, இவளோ வேறொன்றின்மேல் மனம் வைத்துப் பாடினாள் என்று அவன் எழுந்து போய்விடுகிறான். இருவரில் ஒருவராவது யாழைக் கீழே வைத்துவிட்டு, ‘யாரை நினைத்துப் பாடினாய்?’ என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பாட்டு அவ்வளவு அழகாக இருந்ததால் கேட்கத் தோன்றவில்லையோ என்று எனக்குப் படுகிறது.

அன்று மாலையே அவள் ஓலை எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். ‘மாலை வாராராயினும் … காலை காண்குவம்’ என்று சொல்லிவிட்டு, மாதவி படுக்கையில் கண் பொருந்தாமல் கிடக்கிறாள். 212 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுப் படுத்த இரவுகளில் எனக்குத் துணையாக இருந்தது இந்த வரி. ஈராயிரம் ஆண்டு இடைவெளி என்பது சில துயரங்களுக்கு ஓர் இடைவெளியே இல்லை.

கோவலன் வீடு திரும்பியதும் கண்ணகியிடம் சொல்வது மன்னிப்புக் கூட இல்லை, ஒரு பணக்கணக்கு. முன்னோர் தந்த மலையளவு செல்வத்தைத் தொலைத்துவிட்டேன், ‘இலம்பாடு நாணுத் தரும் எனக்கு’ என்கிறான். இலம்பாடு என்றால் இல்லாமை, வறுமை. வறுமை எனக்கு வெட்கத்தைத் தருகிறது என்று ஓர் ஆண் ஒரு பெண்ணிடம் நேராகச் சொல்லும் இடம் இது. அந்த அடியின் கீழே பென்சில் கோடு எதுவும் இல்லை, நான்தான் போட்டேன். கண்ணகியின் பதிலும் பணத்தைப் பற்றியதே: ‘சிலம்புள கொண்ம்.’ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று புன்னகையோடு சொல்கிறாள். அந்தச் சிலம்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு கணம் ஒதுக்கிவைத்துப் பார்த்தால், அவர்கள் இருவருக்கும் இடையில் நிகழ்ந்த மிக நெருக்கமான பேச்சு அதுதான். இந்த ஒரு வாக்கியத்தை அவன் மாதவியிடம் என்றேனும் சொல்லியிருப்பானா என்று யோசித்தேன். காப்பியத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. அவளிடம் அவனுக்கு யாழ் இருந்தது.

சங்க அகப்பாடல்களில் பிரிவுக்கு மிகுதியாகக் காட்டப்படும் காரணமே பணம்தான். ‘பொருள்வயிற் பிரிவு’ என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. அருளையும் அன்பையும் விட்டுத் துணையைத் துறந்து பொருளுக்காகப் பிரிகிறவர்தான் அறிவாளி என்றால், அவர் அறிவாளியாகவே இருக்கட்டும், நாம் அறியாதவராகவே இருந்துவிடுவோம் என்று கோப்பெருஞ்சோழன் பாடிய குறுந்தொகைத் தலைவி (20ஆம் பாட்டு) சொல்கிறாள். அவளுடைய வேதனையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தலைவன் எதற்காகப் போகிறான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பொருள் என்ற சொல் அங்கே வெளிப்படையாகப் பேசப்படுகிறது. தோழிக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பணம் காரணமான பிரிவை அந்தக் கவிதைகள் மறைத்துவைக்க வேண்டிய ஒன்றாக நினைக்கவில்லை. பாலைத் திணைக்குரிய யாழைப் பற்றிப் பொருநராற்றுப்படை சொல்வது இன்னும் வியப்பானது: வழிப்பறி செய்யும் கள்வர்கூட அந்தப் பாலைப் பண்ணைக் கேட்டுக் கையிலிருந்த படைக்கருவியை விட்டுவிடுவார்களாம். பொருளைப் பறிக்க வந்தவனின் கையைப் பாட்டு தளர்த்துகிறது. கடன்காரனின் கையை அது தளர்த்துமா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்த நாட்களும் உண்டு.

அந்த ஏழாவது பாட்டை நான் ஒரு நாளைக்குப் பலமுறை கேட்டேன். ஏன் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று எனக்கே புரியாமல், இசையை மூளை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று தேடிப் படித்தேன். மான்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேலரி சாலிம்பூர், ராபர்ட் சட்டோரே ஆகியோரின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மெய்சிலிர்க்க வைக்கும் இசையைக் கேட்கும்போது மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமின் என்ற, இன்பத்தோடு தொடர்புடைய வேதிப்பொருள் சுரப்பதை அவர்கள் காட்டினார்கள். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு விவரம்: உச்சத்தை எதிர்பார்த்திருக்கும் நொடிகளில் ஒரு பகுதியும், உச்சம் வந்து சேரும் நொடியில் வேறொரு பகுதியும் செயல்படுகின்றன. எதிர்பார்ப்பதே ஒரு தனி இன்பம். தெரிந்த பாட்டில் நாம் எதிர்பார்த்த சுரம், எதிர்பார்த்த இடத்தில், ஒருபோதும் தவறாமல் வந்து சேர்கிறது. அந்த மாதங்களில் என் வாழ்க்கையில் எதிர்பார்த்தபடி வந்து சேர்ந்தவை இரண்டே: தவணைக்கான அழைப்பு, அந்தப் பாட்டின் மூன்றாம் அடியில் குரல் மேலேறும் இடம். எதை நான் நாடியிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே குழு 2013-இல் இன்னொன்றும் செய்தது. 19 பேருக்கு அதுவரை கேட்டிராத 60 பாடல் துண்டுகளைப் போட்டுக்காட்டி, பிடித்ததைத் தங்கள் சொந்தப் பணத்தில் விலை கேட்கச் சொன்னார்கள். எவ்வளவு பணம் வைக்கிறார்கள் என்பதை நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்ற பகுதியின் செயல்பாட்டைக் கொண்டே ஊகிக்க முடிந்தது. ஒரு பாட்டுக்கு நாம் தரத் துணியும் பணம், அது தரப்போகும் இன்பத்தை உடம்பு முன்கூட்டியே அளந்து பார்த்த அளவு என்று இதை நான் புரிந்துகொண்டேன். மனமுறிவைப் பற்றியும் 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. விருப்பமில்லாமல் காதல் முறிந்து ஆறு மாதத்துக்குள் இருந்த 40 பேரிடம் பிரிந்தவரின் புகைப்படத்தைக் காட்டியபோது, முன்கையில் வலிக்கும் சூடு வைத்தால் செயல்படும் மூளைப் பகுதிகளில் சிலவும் செயல்பட்டன. வலி என்பது வெறும் உவமை இல்லை என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மார்பில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரங்களுக்கு ஒரு நியாயம் கிடைத்தது போன்ற ஆறுதல்.

இந்த இடத்தில் ஒரு நம்பிக்கையை மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது எனக்குக் கேடு செய்தது. வறுமையும் காதல் தோல்வியும்தான் நல்ல இசையைப் பிறப்பிக்கின்றன என்பது அந்த நம்பிக்கை. வேலை போன நாட்களில், இந்தத் துன்பம் என் வாசிப்பில் ஆழமாக இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணம் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் ஷூபர்ட். அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

1814-இல், பதினேழு வயதில், வியன்னாவின் புறநகரில் தன் வீட்டுக்கு அருகிலிருந்த தேவாலயத்துக்காக அவர் ஒரு பூசை இசையை இயற்றினார். அதில் தெரேசா க்ரோப் என்ற இளம்பெண் பாடினார். இருவருக்கும் நேசம் உண்டாயிற்று. ஆனால் 1815-இல் ஆஸ்திரியாவில் வந்த திருமண ஒப்புதல் சட்டம், குடும்பத்தைக் காப்பாற்றும் வருமானம் தனக்கு உண்டென்று மணமகன் காட்ட வேண்டும் என்றது. ஷூபர்ட் தன் தந்தையின் பள்ளியில் உதவி ஆசிரியர். அந்தச் சம்பளம் போதாது. இன்று லியுப்லியானா என்று அறியப்படும் நகரில் ஓர் இசையாசிரியர் பதவிக்கு 1816-இல் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் காத்திருந்தும் இருவருக்கும் போதுமான ஒரு வேலை தனக்கு அமையவில்லை என்று அவர் சொன்னதாக நண்பர் ஒருவர் பின்னாளில் எழுதினார். தெரேசா 1820-இல் ரொட்டி சுடும் தொழில் செய்த ஒருவரை மணந்தார். ஷூபர்ட் 1828-இல், 31 வயதில், மணமாகாமலேயே இறந்தார். அவர் விட்டுச்சென்ற உடைமைகளின் மதிப்பு அன்றைய ஆஸ்திரிய நாணயத்தில் 63 கில்டர் என்று அதிகாரிகள் குறித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஆண்டுகளை. ஷூபர்ட் மிக அதிகமாகப் பாட்டு எழுதிய ஆண்டு 1815. அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 140 பாடல்கள். அப்போது அவருக்குக் காதல் முறிந்திருக்கவில்லை, வேலை இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனுக்கு அப்படிப்பட்ட ஆண்டு 1840. கிளாரா வீக்கை மணப்பதற்கு அவளுடைய தந்தை தடையாக நின்று, வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், அந்த ஆண்டு செப்டம்பர் 12 அன்று திருமணம் நடந்தது. தந்தையின் எதிர்ப்புக்கான காரணங்களில் ஷூமனின் வருமானமும் ஒன்று. அந்த ஆண்டில் அவர் எழுதியவை நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள். வெற்றி கைக்கு எட்டும் தொலைவில் தெரிந்தபோது எழுதியவை அவை. பின்னாளில் 1854-இல் ஷூமன் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு 1856-இல் இறந்துபோக, குழந்தைகளைக் காப்பாற்றப் பல பத்தாண்டுகள் மேடையேறிப் பியானோ வாசித்துச் சம்பாதித்தவர் கிளாரா. ஷூமனின் வருமானத்தைப் பற்றி எழுந்த அந்தக் கேள்விக்குக் கிளாராவின் விரல்களே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. துயரம் அவரை அதிகம் இயற்ற வைக்கவில்லை. கணவரின் மறைவுக்குப் பின் அவர் இயற்றுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

என் அனுபவமும் அதுவே. கடனில் இருந்த எட்டு மாதங்களிலும் அதன் பின் வந்த துயரத்திலும் என் கீபோர்டின் மேல் உறை கிடந்தது. ஒரு கட்டத்தில் அதை விற்றும்விட்டேன். வாங்க வந்தவர் சில கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதிகம் வாசிக்கப்படாதது என்று சொல்லி எடுத்துப் போனார். பயம் உள்ளவனின் காது சுரத்தில் நிற்பதில்லை. அடுத்த தவணைத் தேதியில் போய் நிற்கிறது.

சந்தாவுக்குத் திரும்புகிறேன். அந்தப் பாடகருக்கு என்னால் ஏதாவது கிடைத்திருக்கும், நூற்றுக்கணக்கான முறை கேட்டிருக்கிறேனே என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. ஸ்ட்ரீமிங் சேவைகளின் பணம் எப்படிப் பிரிகிறது என்று படித்த பிறகு அந்த நினைப்பு போயிற்று. பெரும்பாலான சேவைகளில் எல்லோருடைய சந்தாவும் ஒரே தொகுப்பில் சேர்ந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விகிதத்தில் பகிரப்படுகிறது. நான் மாதம் முழுவதும் ஒரே ஒருவரைக் கேட்டாலும், என் பணத்தில் பெரும்பகுதி நான் கேட்டிராத, உலகம் கேட்கிற பாடகர்களுக்குப் போகும். மிகப் பெரிய சேவை ஒன்றில் 2024 முதல் இன்னொரு விதியும் உண்டு: முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அதன் பதிவுக்கான பங்கு கணக்கிடப்படுவதே இல்லை. ஒருவர் கட்டும் பணம் அவர் கேட்டவர்களுக்கே போக வேண்டும் என்ற வேறு முறையும் இருக்கிறது. 2021-இல் சவுண்ட்கிளவுட் என்ற சேவை அதைத் தொடங்கியது. எனக்கு அந்த முறையே நியாயமாகப் படுகிறது. துக்கத்தில் இருக்கும் ஒருவன் ஒரே குரலைப் பிடித்துக்கொண்டு மாதங்களைக் கடக்கிறான் என்றால், அவன் கொடுக்கும் காசு அந்தக் குரலுக்குப் போய்ச் சேர வேண்டாமா? கடைசியில் அந்தப் பாடகர் நேரடியாக விற்ற பதிவைத் தேடி விலை கொடுத்து வாங்கினேன். அந்த ஆண்டில் நான் மனநிறைவோடு செய்த செலவு அது ஒன்றுதான்.

அதற்குள் வேலை கிடைத்திருந்தது. கடன் ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்லக் கரைந்தது. கடைசித் தவணை கட்டிய வாரத்தில் சிலப்பதிகாரத்தின் இன்னொரு இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். மாதவியின் இரண்டாவது ஓலை கோவலனை வழியில் வந்து அடைகிறது. அதைப் படித்தபின் அவன் ‘தன்தீது இலள்’ என்று தளர்ச்சி நீங்கி, ‘என்தீது’ என்று உணர்கிறான். அவள் பிழை செய்யவில்லை, பிழை என்னுடையது. பாட்டில் கெட்டதை ஓலை நேராக்குகிறது. இருவருக்கும் இடையே அதற்குப் பிறகு எதுவும் நடக்கப்போவதில்லை. அவன் போகும் வழி வேறு. ஆனாலும் அந்த உண்மை அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அதைப் படித்த இரவில் நான் ஒரு கடிதம் எழுதினேன். திரும்பி வரச் சொல்லும் எண்ணம் இல்லை. வேலை போன தேதி, வாங்கிய கடன்கள், ஒவ்வொன்றின் தொகை, வட்டி, மொத்தம், கட்டி முடித்த நாள். உவமை இல்லை, பாட்டின் பெயர் இல்லை. ‘இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது’ என்பது மட்டும் கடைசி வரி.

ஒன்பது நாட்களுக்குப் பிறகு பதில் வந்தது. “தொகையைப் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் அப்போது என் சேமிப்பில் இருந்தது. நீ கடைசியாகச் சேர்த்த பாட்டில் அந்தச் சொல்லை நான் எதிர்மறை என்று எடுத்துக்கொண்டேன். உனக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாமல் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.”

உண்மையில் எனக்குத் தெரியாது. ‘வாராய்’ என்றால் வா என்பது மட்டுமே நான் அறிந்த பொருள். பழைய தமிழில் அதே வடிவம் ‘நீ வரமாட்டாய்’ என்றும் நிற்கும் என்பதை அகராதியையும் இலக்கண நூலையும் திறந்து அன்றுதான் பார்த்தேன். பிறகு அந்தப் பாட்டைப் போட்டேன். வரமாட்டாய், வரமாட்டாய் என்று வைத்துக்கொண்டு நான்கு அடிகளையும் கேட்டேன். ஓர் இடத்திலும் பொருள் இடறவில்லை. மூன்றாம் அடியில் குரல் மேலேறும் இடம் அந்தப் பொருளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தியது.

பதில் எழுதினேன், இரண்டு வரி. தெரியாது என்பது முதல் வரி. நன்றி என்பது இரண்டாவது. பதினேழாம் தேதிக்கு மூன்று நாள் முன்பு சந்தாவை நிறுத்தினேன்.